வட ஆற்காட்டின் ஆறு பருவங்களையும் தண்ணீரில் எடுப்பது எப்படி?

குடியாத்தத்தில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: “சிவந்த இலைகள், உறைந்த ஏரி என்று வெளிநாட்டுக்காரர்கள் நான்கு பருவத்தையும் தண்ணீரில் பிடித்துக் காட்டுகிறார்கள். நம்ம பக்கம் வருடம் முழுக்க வெயில்தான், மரமும் ஒரே பச்சை. இங்கே பருவம் மாறுவதை எப்படி எடுப்பது? வேலூர் கோட்டை அகழியில் நாலைந்து முறை எடுத்துப் பார்த்தேன், பிம்பம் மங்கலாகவே வருகிறது. என்னிடம் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு போன் இருக்கின்றன. வேறு என்ன வாங்க வேண்டும்?”

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். இருப்பதே போதும். தேவைப்படுவது ஒரு ஏரி. உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில், வருடம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போகக்கூடிய ஒரே ஒரு ஏரி.

நம்ம பக்கம் பருவம் மரத்தில் அவ்வளவாகத் தெரியாது என்பது உண்மை. ஆனால் தண்ணீரில் தெரியும். குளிர் நாடுகளின் பெரிய ஏரிகளில் தண்ணீர் மட்டம் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், சுற்றியுள்ள மரம்தான் நிறம் மாறும். நமக்கு இது தலைகீழ். பனை மரம் அப்படியே நிற்கும், பாறைக் குன்றும் அப்படியே நிற்கும், தண்ணீர்தான் வரும், போகும். ஐப்பசியில் மதகின் மேல்படி வரை நிற்கும் தண்ணீர், சித்திரையில் மதகை விட்டு அரை மைல் தள்ளி ஒரு குட்டையாகக் கிடக்கும். நம் முன்னோர் வருடத்தைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரித்தது சும்மா இல்லை. இந்த ஆறையும் ஒரே ஏரிக்கரையில் ஒரே கல்லின் மேல் நின்று ஆறு வேறு படங்களாக எடுக்க முடியும். நான் காட்பாடிக்காரன். இருபது வருடத்துக்கு மேலாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

சரி, முதலில் உங்கள் அகழிப் படம் ஏன் மங்குகிறது என்று பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

தண்ணீர் எப்போதும் ஒரே அளவு கண்ணாடியாக இருப்பதில்லை. நேர் மேலிருந்து குனிந்து பார்த்தால் அதன் மேல் விழும் ஒளியில் சுமார் 2 சதவீதம்தான் திரும்பி வருகிறது. மீதி உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் கிணற்றை எட்டிப் பார்த்தால் உள்ளே இருட்டாகத் தெரிகிறது. பார்வை தாழத் தாழக் கதை மாறுகிறது. தண்ணீர்ப் பரப்பிலிருந்து 20 டிகிரி உயரத்தில் பார்த்தால் 13 சதவீதம், 10 டிகிரிக்கு வந்தால் 35 சதவீதம், 5 டிகிரியில் பாதிக்கு மேல். நீங்கள் அகழியின் வெளிச் சுவரோரம் நின்று, கண்ணுயரத்தில் கேமராவை வைத்து, கீழே தண்ணீரை நோக்கி எடுத்திருப்பீர்கள். அந்தக் கோணத்தில் வருவது பாசியின் பச்சையும் சேற்றின் பழுப்பும்தான். பிம்பம் அவற்றின் மேல் மெல்லிய படலமாகத்தான் நிற்கும். குனியுங்கள். முடிந்தால் உட்காருங்கள். போனாக இருந்தால் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் கீழே போய்த் தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் நிற்கும். ஒரு மழைக் குட்டையில் இதைச் செய்து பார்த்தீர்களானால் அன்றைக்கே நம்பிக்கை வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிம்பம் என்பது மேலே இருப்பதன் நகல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உங்கள் கேமரா தண்ணீருக்கு ஐந்தடி மேலே இருந்தால், பிம்பத்தில் தெரிவது தண்ணீருக்கு ஐந்தடி கீழே இருந்து அண்ணாந்து பார்க்கும் ஒருவருக்குத் தெரியும் காட்சி. அதனால் கொக்கின் வயிறு தெரியும், மண்டபத்துக் கூரையின் அடிப்பக்கம் தெரியும். அருகில் இருப்பது தூரத்தில் இருப்பதை அதிகமாக மறைக்கும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தின் தலை மதிலுக்கு மேலே தெரிகிற இடத்தில் நின்று பாருங்கள். மேலே கோபுரம் இருக்கும், தண்ணீரில் இருக்காது, அல்லது கலசம் மட்டும் எட்டிப் பார்க்கும். மதில் அதை மறைத்துவிட்டது. கோபுரமும் தண்ணீரில் வேண்டுமானால் இன்னும் பின்னால் போக வேண்டும், இன்னும் தாழ வேண்டும். இது எனக்குப் பிடிபட்ட நாளிலிருந்து நான் பிம்பத்தைத் தனிக் காட்சியாகவே பார்க்கத் தொடங்கினேன். பல நேரம் மேலே இருப்பதை வெட்டிவிட்டுத் தண்ணீரை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஃபோகஸ் விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு. எதிர்க்கரைப் பனை 100 மீட்டரில் இருக்கிறது, தண்ணீர் உங்கள் காலடியில் இரண்டு மீட்டரில் இருக்கிறது. பிம்பத்துக்காகத் தண்ணீர்ப் பரப்பில் ஃபோகஸ் வைத்தால் மிதக்கும் இலையும் தூசும் கூர்மையாக வரும், பனையின் பிம்பம் கலங்கும். ஒளி பனையிலிருந்து புறப்பட்டுத் தண்ணீரில் பட்டு உங்களிடம் வந்திருக்கிறது. ஆக, அது கடந்த மொத்த தூரத்துக்குத்தான் ஃபோகஸ் வைக்க வேண்டும், அதாவது பனையின் மேலேயே வைத்துவிடலாம். அருகில் ஒரு தாமரையும் தூரத்தில் ஒரு மலையின் பிம்பமும் சேர்ந்து வேண்டுமென்றால் இரண்டில் எது முக்கியம் என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, எஃப் 11 வரை சுருக்கினால் ஓரளவு இரண்டும் வரும்.

வெளிச்சத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல விதி ஒன்றுதான்: பொருள் வெயிலில் இருக்க வேண்டும், தண்ணீர் நிழலில் இருக்க வேண்டும். கோட்டையின் மேற்கு மதிலில் மாலை வெயில் நேராக விழும். அந்த நேரம் மேற்குப் பக்க மரங்களின் நிழல் அகழியின் மேல் படரும். தண்ணீர் கறுத்துவிடும், மதில் மட்டும் மஞ்சளாக எரியும். சேறும் பாசியும் மறைந்து, கருப்புத் தட்டில் தங்கம் வைத்தது போல மதில் தண்ணீரில் இறங்கியிருக்கும். காலையில் கிழக்கு மதில். ஆனால் ஊருக்குக் கிழக்கே மலைகள் நிற்பதால் அங்கே வெயில் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். நம் ஊர் 13 டிகிரி அட்சரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சூரியன் இங்கே கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறும், நெட்டுக்குத்தாக இறங்கும். அந்த மஞ்சள் வெளிச்சம் அரை மணி நேரம், மிஞ்சிப்போனால் நாற்பது நிமிடம். போய்ச் சேர்ந்த பிறகு இடம் தேடக்கூடாது, முதல் நாளே பார்த்து வைத்திருக்க வேண்டும். கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் இடம். உள்ளே முக்காலி வைக்க அனுமதி கேட்கவேண்டி வரும். அகழியை வெளியே சாலைப் பக்கமிருந்தே நன்றாக எடுக்கலாம்.

பிம்பம் எப்போதும் மேலே இருப்பதைவிடக் கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கும். இயற்கை அப்படி. போனில் எச்டிஆர் போட்டால் அது இரண்டையும் சமமாக்கித் தருகிறது, படம் ஏதோ பொய்யாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். நான் அதை அணைத்துவிடுவேன். வானத்தைத் தொட்டு வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு எடுங்கள். படம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தூரத்துக் கரையை மட்டும் நம்பாதீர்கள், அது உண்மையிலேயே வளைந்து போகலாம். ஒரு பனையின் உச்சியையும் தண்ணீரில் அதன் உச்சியையும் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோடு செங்குத்தாக இருந்தால் படம் நேர்.

இப்போது புரட்டாசி. கார் காலத்தின் வாலில் நிற்கிறோம், இந்த நேரத்தில் எனக்கு ஏரியைவிடக் கழனிதான் முக்கியம்.

சம்பா நடவுக்குச் சேற்றுழவு ஓட்டி, பரம்படித்து (பலகையால் சேற்றைச் சமன்செய்து), தண்ணீர் கட்டி நிற்கும் கழனியைப் போல ஒரு கண்ணாடி வேறெங்கும் கிடையாது. ஏரியில் காற்று நூறு மீட்டர் ஓடி அலையைக் கட்டியெழுப்பும். கழனியில் நான்கு பக்கமும் வரப்பு, நடுவில் சில அங்குலத் தண்ணீர். அலை எழ இடமும் இல்லை, ஆழமும் இல்லை. அதன் கீழே கருஞ்சேறு இருப்பதால் உள்ளிருந்து வெளிச்சம் திரும்பி வராது, பிம்பம் அழுத்தமாக நிற்கும். நாற்று நட்ட முதல் வாரம் வானத்தின் மேல் பச்சைத் தையல் போட்டது போலிருக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் பயிர் தூர் கட்டி மூடிவிடும், பிறகு அடுத்த நடவு வரை காத்திருக்க வேண்டும். நமக்கு ஒரு வசதி உண்டு. சம்பாவை விட்டால் மார்கழி, தையில் நவரை நடவு, சித்திரை, வைகாசியில் கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்களின் சொர்ணவாரி நடவு. அதே கழனியில் மூன்று வேறு வானங்கள் கிடைக்கும். கழனிக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். புதிதாக அண்டை கட்டிய வரப்பில் கால் வைத்தால் ஒரு நாள் உழைப்பு சரிந்துவிடும். சரியான இடத்துக்கு அவர்களே உங்களைக் கூட்டிப்போவார்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடந்திருக்கிறது. நடவு நடும் பெண்களின் முகம் தெரிய எடுத்தால் அவர்களிடமும் கேளுங்கள், அடுத்த முறை போகும்போது படத்தைக் கையில் கொடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் ஏரிப் பக்கம் போகலாம். முதல் பெருமழையில் வரத்துக்கால்வாய் வழியாகப் புதுத் தண்ணீர் செங்கலங்கலாக வரும். அந்த வண்டலின் துகள்கள் வெயிலைச் சிதறடித்து மேலே அனுப்புவதால் பிம்பம் வெளிறிப்போகும். இந்தச் சமயத்தில் ரொம்பத் தாழ இருந்து எடுத்தால் மட்டும் ஏதாவது கிடைக்கும். சில வாரம் பொறுத்தால் மண் படிந்து தண்ணீர் தெளியும். அதற்குள் ஏரி கோடி போக, அதாவது நிரம்பி வழிய, ஆரம்பித்திருந்தால் அதிர்ஷ்டம்.

காவேரிப்பாக்கம் ஏரியை ஒருமுறையாவது கோடி போகும்போது பாருங்கள். பல்லவர் காலத்து ஏரி, பழைய வட ஆற்காட்டில் இதைவிடப் பெரியது இல்லை. பாலாற்று அணைக்கட்டிலிருந்து தண்ணீர் வந்து சேர்கிறது. அது நிறைந்து நிற்கையில் எதிர்க்கரை தெரியாது. அங்கே பிம்பம் எடுக்கப் போகிறவர்கள் தடுமாறுவது அதனால்தான், பிம்பமாக விழ எதிரே எதுவும் இல்லை. அங்கே மேகத்தை எடுங்கள். இரண்டு மழைக்கு நடுவில் காற்று அடங்கும் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். தூசெல்லாம் கழுவிப்போய் வானம் அப்போதுதான் துடைத்த பாத்திரமாக இருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் குடையோடு கரையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்ததுண்டு. இந்த மாதங்களில் ஏசி காரிலிருந்து நேராக இறங்கினால் குளிர்ந்த லென்ஸில் ஆவி படிந்துவிடும். கால் மணி நேரம் முன்னதாகவே கேமராவை வெளிக்காற்றில் வைத்துவிடுங்கள்.

பாலாறு தனிக்கதை. வருடத்தின் பெரும்பகுதி அது மணல் ஆறு. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியபோது, ஆற்றில் தண்ணீரையே பார்த்திராத பிள்ளைகள் பாலத்தில் வரிசையாக நின்றார்கள். அன்று எடுத்த படங்களில் பிம்பம் ஒன்றுமில்லை, கலங்கிய வெள்ளம்தான். வெள்ளம் வடிந்த பிறகுதான் பாலாற்றின் அழகு. மணல் திட்டுகளுக்கு நடுவே கணுக்கால் ஆழத்தில் தெளிந்த தண்ணீர் சில வாரம் நிற்கும். விரிஞ்சிபுரம் பக்கம் அந்தத் துண்டுத் தண்ணீர் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம் கிடந்தது. உங்கள் குடியாத்தத்துக்கு அருகிலேயே கவுண்டன்யா ஆற்றில் மோர்தானா அணை இருக்கிறது. காட்டு மலைகளுக்கு நடுவில் இருப்பதால் காற்று குறைவு, தண்ணீரும் தெளிவு. நீங்கள் முதலில் போகவேண்டிய பெரிய தண்ணீர் அதுதான் என்பேன்.

கார்த்திகை தீபம் முடிந்ததும் திருவண்ணாமலை ஐயங்குளத்தில் தெப்பம் நடக்கும். 1989 வரை அதுவும் வட ஆற்காடு மாவட்டம்தான், ஆகவே அதை நம் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். விளக்கு வரிசை தண்ணீரில் நீளமான கோடுகளாக இழுபடுவதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன அலையில் ஒளி பக்கவாட்டில் அதிகம் பரவாது, நம்மை நோக்கி மேலும் கீழும்தான் நீளும். ஷட்டரைக் கால் வினாடி, அரை வினாடி என்று திறந்து வைத்தால் அந்தக் கோடுகள் பட்டுப்போல வரும். ஆனால் தெப்பம் நகரும், கலங்கும். தெப்பம் திரும்புகிற கணத்தில் அது கிட்டத்தட்ட நின்றுவிடும், அப்போது அழுத்துங்கள்.

மார்கழியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். முன்பனிதான் நம் ஊரின் பொற்காலம். இரவில் தரையும் காற்றும் சீக்கிரம் குளிர்ந்துவிடும், ஏரித் தண்ணீர் மெதுவாகத்தான் ஆறும். விடியும்போது தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும், அதிலிருந்து எழும் ஆவி உடனே குளிர்ந்து புகையாகத் தெரியும். கனமான குளிர் காற்று தரையோடு படுத்துக் கிடப்பதால் மேலே வீசும் காற்று அதைத் தொடாது. தண்ணீர் அசையவே அசையாது. ஆறரை மணிக்குச் சூரியன் எழும், அதுவும் நேர் கிழக்கில் இல்லை, 24 டிகிரி தெற்கே தள்ளி. ஆனியில் அதே அளவு வடக்கே போய்விடும். ஆனியில் பனைகளுக்கு இடதுபுறம் பார்த்த சூரியன் மார்கழியில் வலதுபுறம் எழுவது இதனால்தான். ஒரே கல்லில் நின்று வருடம் முழுக்க எடுக்கச் சொன்னேனே, இந்த நகர்வு ஒன்றே ஒரு தொடருக்குப் போதும்.

பனிப்படலத்தைக் கேமரா சாம்பலாக்கிவிடும். வெள்ளையைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடுகிறது. ஒரு ஸ்டாப் வரை, அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்கு வரை, கூட்டி எடுங்கள். ஏழரை மணி வாக்கில் தரை சூடேறி முதல் காற்று கிளம்பும். தண்ணீரின் ஓரத்தில் ஒரு சிலிர்ப்பு ஓடும், அத்தோடு அன்றைய வேலை முடிந்தது. போகிப் பண்டிகை விடியலில் தெருவெல்லாம் எழும் புகை பனியோடு கலந்து ஏரி மேல் படுத்திருக்கும், சூரியன் குங்குமப் பொட்டாக எழும். பார்க்க அழகு, மூச்சுக்குக் கெடுதல். துணியால் மூக்கை மூடிக்கொண்டு எடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் ஏரிகளில் பறவை சேரும். முக்குளிப்பான், நாமக்கோழி, நெடுங்கால் உள்ளான், சங்குவளை நாரை, கூழைக்கடா. நெடுங்கால் உள்ளான் நிற்கும் நிலையே பிம்பத்துக்காகச் செய்தது போல இருக்கும், சிவந்த நீளக் கால் தண்ணீரில் இன்னொரு மடங்கு நீளும். 18-55 லென்ஸில் பறவை சின்னதாகத்தான் வரும். வரட்டும். பெரிய தண்ணீரில் சின்னப் பறவை ஒன்று, அதன் கீழே அதன் பிம்பம், சுற்றிலும் வெறுமை. பறவையின் இறகை எண்ணும் படங்களைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். பறவை பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த உயிரும் அந்தக் கூட்டத்தில் இருக்கும். அதை இரை தேடும் இடத்திலிருந்து விரட்டி எடுத்த படம் எத்தனை அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் புங்கனூர் ஏரி. படகு இறங்குவதற்கு முன் போனால்தான் பயன். ஜவ்வாது மலை இன்னும் நல்லது. காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி நிற்பதே அங்கே இரவு வானம் இருட்டாக இருப்பதால்தான். தை, மாசியில் நிலா இல்லாத இரவில் அந்தப் பக்கக் குளம் ஒன்றின் ஓரத்தில் நின்றால் விண்மீன்கள் தண்ணீரில் விழுந்திருக்கும். லென்ஸை முழுக்கத் திறந்து, 18-இல் வைத்து, 20 வினாடி. அடிவானத்துக்கு அருகில் உள்ள விண்மீன்களின் பிம்பம்தான் நன்றாக வரும், முதலில் சொன்ன அதே கோணக் கணக்கு. ஊர்க்காரர் ஒருவர் துணையில்லாமல் இரவில் போகாதீர்கள், காட்டு எல்லைக்குள் வனத்துறையைக் கேட்காமல் நுழையாதீர்கள்.

மாசி, பங்குனியில் மலைச்சரிவில் புரசு பூக்கும். நம் ஊரில் நெருப்பு நிறத்தில் எரியும் மரம் வேண்டுமென்றால் அதுதான். இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பூவோடு நிற்கும். தண்ணீர் ஓரத்தில் ஒரு புரசு கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள், நான் இத்தனை வருடத்தில் இரண்டுதான் பார்த்திருக்கிறேன்.

சித்திரையில் பலரும் கேமராவைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில்தான் ஏரி தன் உள்ளே இருப்பதைக் காட்டும். சுருங்கிய குட்டையைச் சுற்றி வெடித்த களிமண், அதில் மாட்டின் குளம்புத் தடம், தடத்துக்குள் கடைசித் தண்ணீர், அதில் துளி வானம். ஏரி மீன் பிடிக்கும் நாளில் ஊரே இறங்கும். காலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும் எடுங்கள், அப்புறம் நிழலுக்குப் போய்விடுங்கள்.

நடுப்பகலிலும் ஒன்று உண்டு. நம் அட்சரேகையில் வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பகல் 12.10-லிருந்து 12.20-க்குள். அந்த நாட்களை ஒட்டி நம் பக்கத்துப் பெரிய சதுரக் கிணறுகளின் அடிவரை வெயில் இறங்கும். வருடம் முழுக்க இருட்டாகக் கிடக்கும் தண்ணீர் பச்சையாக எரியும், அதில் பட்டுத் திரும்பும் ஒளி கிணற்றின் கல்சுவரில் வலை பின்னியது போல ஆடும். அந்த ஆட்டத்தை எடுங்கள். தண்ணீரில் தெரியும் சூரியனை வியூஃபைண்டர் வழியாகக் கண்ணால் பார்க்காதீர்கள். 2 சதவீதம் என்றாலும் அது சூரியன், கண் போய்விடும். திரையில் மட்டும் பாருங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் ஓரத்துக்குப் போகவே வேண்டாம். கல்குவாரிக் குட்டைகளுக்கும் இதையே சொல்கிறேன். அவற்றின் நீலம் ஆசை காட்டும், ஓரம் செங்குத்தாக இறங்கும், நீச்சல் தெரிந்தவர்களும் ஏற முடியாமல் போயிருக்கிறார்கள்.

ஆனி, ஆடியில் மேல்காற்று. விடியற்காலையிலேயே வீச ஆரம்பித்துவிடும், பெரிய ஏரியில் பிம்பத்துக்கு வழியில்லை. மேற்கிலிருந்து வீசுவதால் ஏரியின் மேற்கு ஓரம்தான் அமைதியாக இருக்கும், கிழக்கே அலை மோதும். நான் இந்த மாதங்களில் கோயில் குளங்களுக்குப் போய்விடுவேன். படிகளுக்குக் கீழே தாழ்ந்து கிடக்கும் தண்ணீரைக் காற்று எளிதில் எட்டாது. மாலையில் இடிமழை பெய்து விட்டபின் தார்ச்சாலைக் குட்டைகளும் கிடைக்கும். அலையையே எடுக்கவும் இதுதான் சமயம். கோபுரத்தின் நிறங்கள் அலையில் துண்டு துண்டாக உடைந்து ஆடுவதை ஐந்நூறில் ஒரு வினாடியில் நிறுத்திப் பாருங்கள், கோலமாவு கொட்டியது போலிருக்கும்.

போலரைசர் ஃபில்டர் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பிம்பத்துக்கு அது எதிரி. தண்ணீர்ப் பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரி உயரத்தில் பார்க்கும்போது அதைத் திருப்பினால் பிம்பம் கிட்டத்தட்ட மறைந்து, அடியில் உள்ள கல்லும் மீனும் தெரியும். அதுவும் ஒரு படம்தான், ஆனால் உங்கள் கேள்வி அது இல்லை. முக்காலி வேண்டுமானால் வாங்குங்கள், அதுவும் மார்கழிக்குள்.

நுரையையும் ஆகாயத்தாமரையையும் ஒதுக்கிவிட்டு அழகை மட்டும் எடுக்காதீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பது நம் மாவட்டத்துக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. ஒரே கல்லில் நின்று ஐந்து வருடம் எடுத்த படங்களில் கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது, வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதெல்லாம் தானாகத் தெரியும். ஒவ்வொரு படத்தோடும் தேதி, நேரம், தண்ணீர் மதகில் எத்தனையாவது படியில் நின்றது என்று எழுதி வையுங்கள்.

இந்த வாரம் உங்கள் பக்கம் எங்காவது பரம்படித்துக்கொண்டிருப்பார்கள். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு, கிழக்கே வானம் தெரிகிற ஒரு வரப்பில் போய் உட்காருங்கள். ஐஎஸ்ஓ 400, எஃப் 8, லென்ஸ் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே. நாற்றுக்கட்டு வந்து இறங்குவதற்கு முன் ஒரு படம், நட்டு முடித்த பிறகு ஒரு படம்.